மரணமும் வாழ்வும் பாடிய சார்ல் குனோ

நமது பங்கின் யூபிலி மலரில் பிரெஞ்சு தேசத்து இசைப் புலவர் ஒருவரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். காரணம் உண்டு. சேசு சபை கலைக்கப்பட்டபின், 1776 முதல் புதுவை மிஷனை ஏற்று நடத்தியவர்கள் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள். பாரிஸ் நகரில் அவர்களுடைய கோயிலில் 1843-ல் பாடற்குழுத் தலைவராக அமர்ந்தவரே சார்ல் குனோ.

அங்கே அவருக்குக் கிடைத்த பாடகர்கள் எத்தனை பேர் தெரியுமா? கீழ்க்குரல் பாட இருவர், மேல்குரல் பாட ஒருவர், ஒரு சிறுவன். ஆக நால்வர்! ஆர்கனும் நல்லதன்று. ரோமையில் தாம் கேட்டு உருகிய பலெஸ்திரினாவின் இசையை அவர் அங்கே புகுத்தியபோது, வழக்கமாகப் பூசைக்கு வருவோர் எதிர்த்தார்கள். (புதுப் பாட்டைக் கேட்டால் முகம் சுளிப்பது நம் ஊருக்கு மட்டும் உரிய குணமன்று.) குருவாக விரும்பி 1847-ல் குருமடப் படிப்பைத் தொடங்கிய குனோ, மறு ஆண்டே அதை விட்டார்.

ஆயினும் வேதபோதகர்களோடு அவர் கொண்ட உறவு அறவில்லை. தூரதேசம் புறப்படும் இளங்குருக்கள் பீடத்தின்முன் வரிசையாக நிற்க, பெற்றோரும் உற்றாரும் வந்து அவர்கள் பாதங்களை முத்தி செய்வார்கள். அவ்வழியனுப்புச் சடங்கில் பாடும் பாட்டுக்கு இசையமைத்தவர் குனோ. சொற்களை எழுதிய தல்லே சுவாமி பின்னர் மைசூர் மிஷனுக்கு வந்து உழைத்தார். பாப்பரசர் 9-ஆம் பத்திநாதரின் குருத்துவப் பொன்விழாவுக்காக 1869-ல் குனோ இயற்றிய அணிவகுப்பு இசையே, 1949-ல் வத்திக்கானின் கீதமாக ஏற்கப்பட்டது.

அவருடைய முதிர்ந்த வயதின் பெரும் படைப்பு 'மோர்ஸ் எத் வீத்தா', அதாவது 'மரணமும் வாழ்வும்'. 1885 ஆகஸ்டு 26-ல் இங்கிலாந்திலுள்ள பர்மிங்காம் இசைவிழாவில் முதன்முதலாகப் பாடப்பட்டது. அதை அவர் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயருக்கு அர்ப்பணித்தார். தனிப்பாடகர் நால்வர், பெரும் பாடற்குழு, ஆர்கன், வாத்தியக் குழு எல்லாம் சேர்ந்த இலத்தீன் இசைக்காவியம் அது. மரணம், தீர்வை, வாழ்வு என மூன்று பாகங்கள். மரணத்தை ஏன் முன்னே வைத்தார்? காலக் கணக்கில் வாழ்வு முந்தியது. நித்தியக் கணக்கில் மரணமே முந்தியது என்பது அவர் தந்த விளக்கம்.

முதற் பாகத்தில் மரித்தோர் பூசைப் பாடல்கள் வருகின்றன. நம் பாட்டன்மார் பொருள் அறியாமலே கண்ணீரோடு பாடிய 'தியேஸ் ஈரே' அதில் உண்டு. தீர்வையில் நடுவர் வரும் கட்டத்தில் இடி முழக்கத்தை எதிர்பார்க்கிறோம். வயலின்களோ அகன்ற, சாந்தமான ஒரு மெட்டை இசைக்கின்றன. தண்டிக்க வரும் நீதிபதி அன்று, வீடு திரும்பும் தகப்பன் என்றே நமக்குத் தோன்றுகிறது. காவியம் சற்று நீளம்தான். சில இடங்களில் தித்திப்பும் அதிகம். ஆனால் அந்த மெட்டுக்காக எதையும் பொறுக்கலாம். மூன்றாம் பாகம் திருவெளிப்பாடு 21-ஆம் அதிகாரத்துப் புதிய எருசலேம். அங்கே கடல் இராது என்று அருளப்பர் எழுதியதன் பொருளை, 2004 டிசம்பர் 26-க்குப் பின் நம் மரக்காணக் கரையாருக்கு விரிவுரை செய்யத் தேவையில்லை.

இவ்வளவையும் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உப்பளத்தில் முன்பணம் வாங்கியாவது சாவுக்குப் பேண்டு வாத்தியம் வைத்தால்தான் மரியாதை என்ற எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. வாத்தியம் வந்தவுடன் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். கல்லறை மட்டும் பாடிக்கொண்டே நடந்த வழக்கம் தேய்கிறது.

குனோ 1893 அக்டோபர் 18-ல் இறந்தார். இறந்த பேரப்பிள்ளையின் நினைவாக எழுதிய மரித்தோர் பூசை இசையே அவருடைய கடைசிப் பெரும் படைப்பு. அக்டோபர் 27-ல் பாரிஸ் மதலேன் கோயிலில் அரசு மரியாதையோடு அடக்கப் பூசை நடந்தது. இசையை நடத்தியவர் கேப்ரியல் ஃபோரே. பிரான்சின் பெரிய வாத்தியக்காரர்கள் எவரும் அழைத்தால் வந்திருப்பார்கள். ஆனால் குனோவின் விருப்பப்படி அன்று வாத்தியம் இல்லை, ஆர்கனும் இல்லை; மனிதக் குரல்கள் மட்டுமே பாடின.