நந்திக்கடலின் கலங்கல்: வற்றுப்பெருக்கு செய்யும் வேலை

வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும் எங்களில் பலருக்கு நந்திக்கடல் என்றால் 2009 மே மாதம்தான். நானும் நீண்டகாலம் அந்த நீரை அப்படியே பார்த்து வந்தேன். ஆனால் அதில் வலை வீசிப் பிழைப்பவர்களோடு கதைத்தால், அவர்கள் முதலில் கேட்பது முகத்துவாரம் திறந்திருக்கிறதா, தண்ணீர் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதைத்தான்.

களப்பின் கலங்கலில் இருப்பது வெறும் மண் அல்ல. உக்கிய இலைகள், பாசித் துணுக்குகள், கண்ணுக்குத் தெரியாத மிதவையுயிரிகள், வெள்ளம் வயல்களிலிருந்து அள்ளிவரும் கழிவுகள் எல்லாம் அதில் தொங்கிக் கிடக்கின்றன. இவையே தொங்கலுறும் சேதனப் பொருட்கள். இறாலுக்கும் மணலை போன்ற மீன்களுக்கும் இதுதான் சாப்பாடு.

வற்றுப்பெருக்கு இவற்றை நாளுக்கு இரண்டு தடவை அசைக்கிறது. பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் நீரோட்டம் வேகமாக இருக்கும்; அடியில் படிந்தவை மேலெழும். நீர் திரும்பும் சிறிது நேரம் ஓட்டம் நிற்க, அவை மீண்டும் படியும். பூரணையிலும் அமாவாசையிலும் இந்த அசைவு கூடும். ஆற்றுநீர் உவர்நீரைச் சந்திக்கும் இடத்தில், உப்பின் காரணமாக நுண்ணிய களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சேதனப் பொருட்களையும் சேர்த்துக்கொண்டு அடியில் இறங்குகின்றன.

வங்காளத்தின் ஊக்ளி ஆற்றுமுகத்தில் கடல்மட்டம் சில மீற்றர்கள் ஏறி இறங்கும். இலங்கைக் கரையிலோ அந்த வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது முகத்துவாரம்தான். கோடையில் மணல்திட்டு அதை அடைத்துவிட்டால் பெருக்கு உள்ளே வராது. கலக்குவதற்குக் காற்று மட்டுமே மிஞ்சும். சேதனப் பொருட்கள் சேறாகப் படியும். அவற்றை உக்கவைக்கும் பற்றீரியாக்கள் நீரிலுள்ள ஒட்சிசனைக் குடித்துவிடும். விடியற்காலையில் ஒட்சிசன் மிகவும் குறையும். மீன்கள் செத்து மிதப்பதும், சேற்றில் கூழ்முட்டை மணம் எழுவதும் அதனால்தான்.

மாரியில் திட்டை வெட்டும் நேரமும் முக்கியம். களப்பு நிரம்பியிருக்கும்போது, கடல் வற்றத் தொடங்கும் வேளையில் வெட்டினால், வெளியேறும் நீரே வாயை அகலமாக அரித்துக்கொள்ளும். நீர்மட்டம் குறைவாக இருக்கும்போது வெட்டினால் ஓட்டத்துக்கு வலுவிருக்காது. அலைகள் கொண்டுவரும் மணல் விரைவில் வாயை மூடிவிடும். வயல் மூழ்கும் விவசாயிக்கு முன்னதாக வெட்ட வேண்டும். இறால் வளரட்டும் என்று காத்திருப்பவருக்குச் சற்றுப் பிந்த வேண்டும். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

நந்திக்கடல் 2017 இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. களப்பை ஆழப்படுத்தித் தரும்படி தொழிலாளர்கள் கேட்டு வருகிறார்கள். ஆழப்படுத்தினாலும் வாய் மூடிக் கிடந்தால் சேறு மறுபடி சேரும். எனவே எப்போது, எங்கே வெட்டுவது என்று தீர்மானிக்கும் மேசையில், அந்த நீரை நாளாந்தம் பார்ப்பவர்களுக்கும் ஒரு கதிரை வேண்டும்.