தூண் யார் வீட்டுத் தூண்?

மதுரையில் பழைய வீட்டைச் சரிபண்ணக் கிளம்புகிறவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் காரைக்குடிக்கு பஸ் ஏறிவிடுவார்கள். அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குவாளி, மர அச்சு, வெளிநாட்டு விளக்கு, கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் யாருடைய அப்பத்தாவோ, அய்யாவோ. கடைக்குப் பின்பக்கம் போனால் நிலை, கதவு, உத்தரம், தூண். கதவு சுவரில் சாய்ந்திருக்கும். தூண்கள் படுத்திருக்கும். நிற்பதற்கென்றே செய்த ஒரு பொருள் படுத்துக் கிடப்பதைப் பார்க்க என்னவோபோல் இருக்கும்.

நானும் தூண் வாங்கத்தான் போனேன். எங்கள் வீடு தாத்தா கட்டியது. செங்கல், சுண்ணாம்புக் காரை, கட்டை அடுக்கிய மச்சு, நடுவில் சின்ன முற்றம். தாத்தா காலத்துக்குப் பிறகு பங்கு பிரித்தபோது முற்றத்தின் நடுவே ஒரு சுவர் எழும்பியது. சித்தப்பா தன் பங்கை இடித்துக் கடைகள் கட்டினார். அந்தப் பக்கத்துத் தூண்கள் இரண்டும் எங்கேயோ போய்விட்டன. எங்கள் பக்கம் மிஞ்சியவை இரண்டு. வீட்டைச் சரிபண்ணுவது என்று முடிவானதும் அம்மா கேட்டது அதைத்தான்: "போன ரெண்டையும் மாதிரி ரெண்டு தூணு வாங்கிட்டு வந்து நிப்பாட்டுப்பா. வீட்டுக்கு வர்றவங்க கண்ணுக்கு அதுதான் லட்சணம்."

கடைக்காரர் ஒரு ஜோடியைக் காட்டினார். தேக்கு. தட்டினால் கல்போலச் சத்தம். "பர்மாத் தேக்கு தம்பி. ஒரு ஆச்சி வீட்டு வளவுல நின்னது. இன்னும் நூறு வருசத்துக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். எந்த ஊர் ஆச்சி என்று கேட்டேன். சிரித்தார். அது அவர் சொல்லவேண்டிய விஷயமில்லை, நான் கேட்கவேண்டிய விஷயமும் இல்லை என்பதுபோல.

ஆனால் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் தூண் எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது.

பர்மாத் தேக்கு சும்மா வரவில்லை. 1852 போருக்குப் பிறகு கீழ்ப் பர்மா பிரிட்டிஷார் கைக்கு வந்தது. ஐராவதி முகத்துவாரத்துச் சதுப்புக் காடுகள் நெல்வயல்களாயின. வயல் திருத்த வந்த பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுக்க வெள்ளைக்கார வங்கிகள் தயாரில்லை. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர்கள் நகரத்தார். மேல்ப் பர்மா அப்போதும் மாண்டலே மன்னரிடம் இருந்தது, அங்கேயும் தேக்குக் காடுகள் இருந்தன. பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற மரக் கம்பெனி கணக்கில் காட்டாமல் மரம் எடுத்தது என்று தீபா மன்னரின் அவை அபராதம் போட்டது. அதைச் சாக்காக வைத்து 1885-ல் படை போனது. சில வாரங்களில் மாண்டலே விழுந்தது. மன்னரை ரத்தினகிரியில் கொண்டுவந்து வைத்தார்கள். வளவில் நிற்கிற ஒரு தேக்குத் தூணுக்குப் பின்னால் ஒரு யுத்தமே இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த மாண்டலே அரண்மனையே ஒரு பிரித்த வீடுதான். மிண்டோன் மன்னர் 1857-ல் தலைநகரை மாற்றியபோது அமரபுரத்து மர அரண்மனையைப் பிரித்து, யானைமேல் ஏற்றிக் கொண்டுபோய் மாண்டலேயில் மறுபடி கட்டினார். அவர் இறந்ததும் மகன் தீபா, அப்பா உயிர்விட்ட மாளிகையை மட்டும் பிரித்து அரண்மனை மதிலுக்கு வெளியே கொண்டுபோய் மடமாக ஆக்கினார். அப்பாவின் ஆவி பயம் என்று சொல்வார்கள். 1945-ல் குண்டுவீச்சில் அரண்மனை எரிந்து சாம்பலானது. வெளியே கிடந்த அந்த ஒரு மாளிகை, ஷ்வேநந்தா மடாலயம், இன்றும் நிற்கிறது. பிரித்ததால் பிழைத்தது.

செட்டிநாட்டில் கதை வேறு மாதிரி முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 1930கள் வரை கட்டிய வீடுகள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தலைவாசல் இருந்தால் அடுத்த தெருவில் கொல்லை வாசல். இத்தாலிய மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் பூக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை. அவ்வளவும் பெரும்பாலும் வட்டிக் காசு.

1930-ல் உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை சரிந்தது. பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் நகரத்தார் பெயருக்கு வந்து விழுந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் அவர்கள் கையில் இருந்த நிலம் ஏறக்குறைய 6 சதவீதம். 1938-ல் 25 சதவீதம். நிலம் வேண்டும் என்று போனவர்கள் இல்லை, பணத்தைச் சுழற்றப் போனவர்கள். பணம் மண்ணாக மாறி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. 1942-ல் ஜப்பான் படை வந்தது. சுதந்திர பர்மா 1948-ல் நில தேசியமயச் சட்டம் போட்டது. 1962-ல் ராணுவ ஆட்சி வந்து மீதியையும் முடித்துவைத்தது. இதைப் படிக்கும்போது நகரத்தார்மேல் மட்டும் இரக்கப்பட என்னால் முடியவில்லை. அந்த 25 சதவீதம் யாரோ பர்மியக் குடும்பங்கள் இழந்த வயல். அந்த வீடுகளும் பிரிந்தவைதான்.

காசு வருவது நின்றபின் இங்கே வீடு மட்டும் இருந்தது. ஒரு வீட்டுக்கு நாற்பது ஐம்பது பங்காளிகள். சிலர் சென்னை, சிலர் சிங்கப்பூர். மழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டும், வாய்க்கால் அடைப்பு எடுக்க வேண்டும், கரையான் பார்க்க வேண்டும். யார் செலவழிப்பது? ஒரு கூரை ஒழுகத் தொடங்கினால் சில மழைக்காலத்தில் உத்தரம் இறங்கிவிடும். அப்புறம் விற்பதுதான் வழி. மொத்தமாக விலை பேசுகிறவருக்கு வீடு கணக்கில்லை; மரம் கணக்கு, கல் கணக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவுக்கு வந்து சேர்ந்த செட்டிநாட்டு வீடு மாதிரி வீடாகவே பிழைத்தவை கொஞ்சம்தான். மற்றவை முனீஸ்வரன் கோவில் தெரு வழியாக ஓட்டல் வரவேற்பறைக்கும், காபிக் கடைக்கும், நம்மைப் போன்றவர்கள் இன்ஸ்டாகிராமில் போடுகிற முற்றத்துக்கும் போய்விட்டன.

மதுரைக்காரர்கள் இதை வெளியூர்க் கதையாக நினைக்க வேண்டாம். நம் ஊரே பிரித்த ஊர். திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) தனக்குச் சொர்க்க விலாசம், தம்பிக்கு ரங்க விலாசம் என்று கட்டிய குடும்ப வீடுதான் மகால். அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது தாத்தா வீட்டைப் பிரித்து எடுத்துப்போனார். இன்று நாம் டிக்கெட் வாங்கி அண்ணாந்து பார்ப்பது நாலில் ஒரு பங்குதான் என்பார்கள். டேனியல்கள் 1792-ல் மதுரைக்கு வந்து வரைந்த அரண்மனை ஓவியங்களில் இருப்பது இடிபாடு. பத்துத்தூண் சந்துக்குள் போனால் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே கல்தூண்கள் எதையும் தாங்காமல் நிற்கும்.

அடுத்து கோட்டை. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். இடித்துத் தூர்த்துக் கொடுப்பவர்களுக்கே அந்த இடம் என்று சொன்னார். சனம் இறங்கி வேலை பார்த்தது. வெளி வீதிகள் அப்படி வந்தவை. வேலையை மேற்பார்த்தவர்கள் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இருக்கின்றன. அந்த மதில் கல் எந்தெந்த வீட்டுக் கடைக்காலில் கிடக்கிறதோ. 1912-ல் மதுரை வந்த பிலடெல்பியாக்காரி அடலின் பெப்பர் கிப்சன், மதனகோபால சுவாமி கோவிலில் குவிந்து கிடந்த கல்தூண்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். 1919-ல் அவர் இறந்தபின் குடும்பத்தார் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். மதுரை மண்டபம் ஒன்று இன்றும் அந்த ஊரில் இருக்கிறது.

மகாலில் மிச்சமிருப்பது மட்டும் எப்படித் தப்பியது? சென்னை கவர்னராக 1866 முதல் 1872 வரை இருந்த நேப்பியர் பிரபு அதைச் சரிசெய்ய உத்தரவு போட்டார். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸைக் கட்டிய ராபர்ட் சிசோம் வேலையைப் பார்த்தார். அழகுக்காக மட்டும் செய்ததில்லை. கச்சேரி நடத்த இடம் வேண்டியிருந்தது. ஜில்லா கோர்ட் பல பத்தாண்டுகள் அங்கேதான் நடந்தது. ஆள் புழங்கியதால் கூரையைக் கவனித்தார்கள். எனக்கு நேப்பியர்மேல் இருக்கிற மரியாதை இதுதான்: வேறு எங்கிருந்தும் எதையும் கொண்டுவந்து ஒட்டாமல், இருந்ததை இருந்த இடத்தில் பார்த்துக்கொண்டார்.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். முதலில் வந்த மேஸ்திரி சுவரைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் உப்புப் பூத்துப் போச்சு தம்பி. காரையக் கொத்திட்டு சிமெண்டு பூசிருவோம்" என்றார். அம்மாவுக்குத் தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் சுவரில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "இது மூச்சு விடுற செவரு. ஓதம் ஏறும், காஞ்சு வெளிய போயிரும். சிமெண்டப் பூசுனா உள்ளயே நின்னு செங்கலத் தின்னுரும்." பழைய காரையில் சிமெண்ட் பூசிய வீடுகளில் இரண்டு மூன்று வருடத்தில் பெயிண்ட் பொறுக்கு விட்டு உரிவது இதனால்தான். நீர்த்த சுண்ணாம்பு, மணல், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர். நாள்கணக்கில் புளிக்கவைத்து அரைக்க வேண்டும். மச்சும் அப்படித்தான்: கட்டைக்கு மேல் மெல்லிய செங்கலைக் குறுக்குவாட்டில் குத்தி நிறுத்தி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, மரக்கட்டையால் நாள் முழுக்க அடித்து இறுக்கியது. எங்கள் மச்சில் இரண்டு கட்டை இற்றுப்போயிருந்தது. தலைக்கு மேல் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

கொத்தனார் சொன்ன கூலியும் கடைக்காரர் சொன்ன தூண் விலையும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டுக்கும் காசு இல்லை. அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, கூரையப் பாரு. தூணு இல்லாம நம்ம பக்கம் விழுந்தா போயிருச்சு?" என்றாள். பிறகு தானே சேர்த்துக்கொண்டாள்: "தரைக்காவது ஏதாச்சும் போடு. சிமெண்டுத் தரை பார்க்கச் சகிக்கல."

தரைக்கு ஆத்தங்குடி ஓடு. அதை இன்றும் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடித் துண்டின்மேல் தகரச் சட்டத்தை வைத்து, பூவேலைக்கான அச்சுக்குள் சாயம் கலந்த சிமெண்டை ஊற்றி, மேலே உலர்ந்த கலவை தூவி, காரை வைத்து அமுக்கிக் காயவிடுவார்கள். பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில். சூளை கிடையாது. கண்ணாடி கழன்று விழும்போது அதன் வழவழப்பு ஓட்டில் தங்கிவிடும். யார் வீட்டையும் பிரித்து வராத பொருள், புதிதாக எங்களுக்கென்றே செய்தது என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

ஓடு பதித்து ஆறு மாதமாகிறது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னார்கள், துடைக்கிறோம். கால் படப் படத்தான் பளபளப்பு ஏறுமாம். வாசலிலிருந்து அடுப்படிக்குப் போகிற வழியில் ஒரு பாதைபோல ஏறியிருக்கிறது. சித்தப்பா பக்கத்துச் சுவரை ஒட்டிய வரிசை இன்னும் மங்கலாகத்தான் கிடக்கிறது. அங்கே யாரும் நடப்பதில்லை.