இந்திய இயங்குதளம் திறந்த நிரலாக இருக்க வேண்டும்

செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் சாலையில், தமிழக எல்லையோரம் இருக்கிறது எங்கள் புளியறை. சோதனைச் சாவடியில் சரக்கு வாகனங்களின் தார்ப்பாயை விலக்கிப் பார்ப்பதைச் சிறு வயது முதலே கண்டு வளர்ந்தவன் நான். உள்ளே இருப்பது என்னவென்று ஓட்டுநர் சொன்னால் மட்டும் போதாது. திறந்து காட்ட வேண்டும். வங்கிக் கணக்கு, ஆதார், குடும்பப் படங்கள் என எல்லாவற்றையும் சுமக்கும் கைப்பேசியிடம் மட்டும் இதை நாம் கேட்பதில்லை.

ஆண்ட்ராய்டு திறந்த மூலம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. அதன் அடித்தளமான லினக்ஸ் கருநிரலும், ஏஓஎஸ்பி எனப்படும் பொதுத் திட்டமும் திறந்தவையே. ஆனால் பிளே ஸ்டோர், பிளே சர்வீசஸ் போன்ற அன்றாடத் தேவைகள் கூகுளின் மூடிய நிரல்கள். ஏஓஎஸ்பியின் பெரும்பகுதிக்குரிய அப்பாச்சி உரிமமோ, கைப்பேசி நிறுவனங்கள் தாங்கள் செய்யும் மாற்றங்களை வெளியிடாமல் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. 2025 முதல் கூகுள் தன் உருவாக்கப் பணியையும் உள்வட்டத்திலேயே செய்கிறது. பணி முடிந்த பிறகே நிரல் வெளிவருகிறது.

மூடிய பகுதியே அதிகாரத்தின் இருப்பிடம். பிளே ஸ்டோர் வேண்டுமானால் தன் பிற செயலிகளையும் முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளுக்காக, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது.

எளியவர்களுக்கு இது வேறு விதத்திலும் சுமையாகிறது. என் பழைய கைப்பேசிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பைத் தயாரிப்பாளர் நிறுத்திவிட்டார். கருவி பழுதாகவில்லை; ஆனால் வங்கிச் செயலியை அதில் பயன்படுத்த அஞ்ச வேண்டியதாயிற்று. நிரல் முழுவதும் திறந்திருந்தால், நிறுவனம் கைவிட்ட கருவியைப் பிறர் பராமரிக்க முடியும். லினேஜ்ஓஎஸ் தன்னார்வலர்கள் பல பழைய கைப்பேசிகளுக்கு இதைச் செய்துவருகிறார்கள்.

இந்தப் பின்னணியில்தான், 2023 ஜனவரியில் சென்னை ஐஐடி வளாகத்திலிருந்து 'பாரோஸ்' வந்தபோது மகிழ்ந்தேன். ஐஐடியின் பிரவர்த்தக் அறக்கட்டளை வளர்த்த தொழில்முனைவு நிறுவனம் ஒன்று அதை உருவாக்கியது. அறக்கட்டளைக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நிதியளிக்கிறது. முன்கூட்டியே நிறுவப்பட்ட செயலிகள் இல்லை என்பது அதன் சிறப்பு. ஆனால் அறிமுகத்தின்போது முழு மூலநிரல் பொதுவில் வைக்கப்படவில்லை. ஏஓஎஸ்பி என்னும் பொதுச் சொத்தின் மீது, மக்கள் பணத்தின் துணையோடு எழுந்த ஒன்று மூடியிருக்கலாமா? அந்நிய நிறுவனத்தை நம்புவதற்குப் பதில் உள்நாட்டு நிறுவனத்தை நம்பச் சொல்வது தன்னிறைவு ஆகாது.

முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. அரசுத் துறைகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-லேயே வெளியிட்டது. ஆரோக்கிய சேது செயலி மீது ஐயங்கள் எழுந்தபோது, 2020 மே மாதம் அதன் ஆண்ட்ராய்டு நிரல் திறக்கப்பட்டது. எங்கள் ஊரிலிருந்து மலையேறி ஆரியங்காவு சென்றால், கேரள அரசுப் பள்ளிக் கணினிகளில் மலையாளத்தில் இயங்கும் லினக்ஸைப் பார்க்கலாம். தேவைக்கேற்ப அதை மாற்றியமைப்பது அம்மாநிலக் கல்வித் துறையின் 'கைட்' நிறுவனம். தமிழகத்தின் விலையில்லா மடிக்கணினிகளிலும் சிடாக் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' இருந்தது. ஆனால் விண்டோஸும் உடனிருந்ததால், கற்பித்தல் அதை நோக்கித் திரும்பவில்லை.

நிரலைத் திறந்தால் திருடருக்கு வழிகாட்டியதாகும் என்பார்கள். பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி இரகசியமாக இருக்கும்வரை பூட்டு உறுதியாக இருக்க வேண்டும் என்பது, 1883-இல் கெர்க்காஃப்ஸ் வகுத்த மறையீட்டியல் நெறி. உலகின் பெரும்பாலான சர்வர்களைத் தாங்கும் லினக்ஸ் திறந்த நிரலே. திறந்ததாலேயே குறைகள் தீர்ந்துவிடா, தேடுவோர் வேண்டும். மூடியிருந்தாலோ, தேட விரும்புவோருக்கும் வழியில்லை.

சிக்கல் ஒன்று உண்மையே: மோடம் போன்ற சில்லுகளின் நிரல் அவற்றைத் தயாரிப்போர் வசமே இருக்கிறது. அதை உடனே மாற்ற இயலாது. ஆனால் நம் கையில் இருப்பதைத் திறக்கலாம். மக்கள் பணம் பெறும் எந்த இயங்குதளமும் முழு மூலநிரலை வெளியிட வேண்டும் என்று மத்திய அரசு நிபந்தனை விதிக்கட்டும். வெளியான நிரலிலிருந்தே கைப்பேசியில் உள்ள பதிப்பு உருவானது என்பதை எவரும் சரிபார்க்க வழி இருக்கட்டும். தார்ப்பாயை விலக்கிக் காட்டும் வண்டியையே சாவடி நம்புகிறது.