நெஞ்சில் எண், கையில் பலகை

சென்ற வாரம் புதுக்கோட்டை மன்னர்களான தொண்டைமான்களின் அமரக்காரர்களைப் பார்த்தோம். மானிய நிலத்தை உழுது சாப்பிடு, அரண்மனை கூப்பிட்டால் ஆயுதத்தோடு வந்து நில்: அவ்வளவுதான் ஒப்பந்தம். அப்பன் நின்ற இடத்தில் பிள்ளை நிற்பான். அவர்களுக்கு யார் தலைவன் என்பதைத் தேர்வு வைத்தா முடிவு செய்தார்கள்? சேர்வைக்காரர் வீட்டுத் தொட்டில் முடிவு செய்தது. திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில், 1888இல், இனாம் நிலங்களைச் சீர்செய்தபோது அந்த ஏற்பாடு கணக்கு நோட்டோடு முடிந்துபோனது.

இந்த வாரம் ஜெர்மனிக்குப் போகிறோம். புதுக்கோட்டைத் தொடரில் ஜெர்மனிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். திருமயத்தில் பார்த்த ஒரு தம்பிதான் காரணம்.

விடியற்காலையில் கோட்டை மதிலை ஒட்டி ஓடிவிட்டு டீக்கடையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ராணுவ அதிகாரித் தேர்வுக்கு, எஸ்.எஸ்.பி.க்கு, பெங்களூர் போய்வந்தவன்.

“அஞ்சு நாள் சார். மார்ல நம்பர் மாட்டிருவாங்க, பேரே கிடையாது. ஒரு படத்தைக் கொஞ்ச நேரம் காட்டிட்டுக் கதை எழுதச் சொல்வாங்க. அப்புறம் கிரவுண்டுல ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு. செவப்புப் பெயின்ட் அடிச்ச இடத்துல கால் படாம மொத்தக் குழுவும் அந்தப் பக்கம் போகணும். லீடர் யாருன்னு மட்டும் சொல்லவே மாட்டாங்க.”

“இதையெல்லாம் யார் தம்பி கண்டுபிடிச்சது?”

“வெள்ளக்காரன்தான் சார்.”

பாதி சரி. மீதிப் பாதி பெர்லினில் இருக்கிறது.

ஜெர்மன் அதிகாரிகள் தமிழ்நாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். ராய ரகுநாதத் தொண்டைமான் இங்கே ஐதர் அலியின் படையை எதிர்த்து நின்ற அதே போருக்காக, கிழக்கிந்தியக் கம்பெனி ஹானோவரிலிருந்து இரண்டு ரெஜிமென்ட்டுகளை வரவழைத்தது. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ்தான் ஹானோவருக்கும் அதிபதி. ஆள் கேட்பதில் சிரமமில்லை. 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுக்காரர்களோடு அவர்கள் மோதினார்கள். அந்தக் கால ஜெர்மன் படைகளில் மேலே ஏற வேண்டுமானால் பெரிய குடும்பத்துப் பெயர் வேண்டும். நம்மூர்த் தொட்டில் கதைதான், துணி மட்டும் வேறு.

அதே ஹானோவர் படையில், ஊரிலேயே இருந்து பீரங்கிப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் ஒரு சாதாரண வீட்டுப் பிள்ளை. பெயர் ஷார்ன்ஹோர்ஸ்ட். பிறகு 1801இல் பிரஷ்யாவுக்கு மாறினார். 1806இல் யேனாவில் நெப்போலியன் பிரஷ்யப் படையை நொறுக்கியபோது, பிரபுக்களின் பிள்ளைகள் தலைமை தாங்கிய லட்சணம் ஊரறியத் தெரிந்தது. படையைத் திருத்தும் பொறுப்பு ஷார்ன்ஹோர்ஸ்ட் கைக்கு வந்தது. 1808 ஆகஸ்ட் 6இல் விதி மாறியது: அமைதிக் காலத்தில் அறிவையும் படிப்பையும் பார், போர்க்காலத்தில் துணிச்சலையும் சமயோசிதத்தையும் பார், பிறப்பைப் பார்க்காதே. 1810இல் பெர்லினில் போர்ப்பள்ளி திறந்தது.

விதி மாறியதும் வழக்கம் மாறிவிடுமா? கைசர் காலத்திலும் வாசல்கள் இரண்டே. சிறுவயதிலேயே கேடட் பள்ளியில் சேர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ரெஜிமென்ட்டில் ஒட்டிக்கொண்டு, போர்ப்பள்ளியில் படித்துத் தேற வேண்டும். தேறினாலும் அந்த ரெஜிமென்ட்டின் அதிகாரிகள் கூடி ‘இவன் நம்மவன்’ என்று வாக்களித்தால்தான் பதவி. பரீட்சைத் தாளை எல்லோருக்கும் கொடுத்துவிட்டுச் சாவியைத் தங்கள் இடுப்பிலேயே முடிந்துகொண்டார்கள்.

அதை அசைத்தது ஒரு தோல்வி. 1919 வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மனி ஒரு லட்சம் பேருக்கு மேல் தரைப்படை வைத்துக்கொள்ளக் கூடாது. அதில் அதிகாரிகள் 4,000 பேர்தான். இடம் இவ்வளவு குறைந்தால் பொறுக்குவதில் கவனம் கூடத்தானே செய்யும்! உளவியலாளர்களை அழைத்தார்கள். வந்தவனை இரும்புச் சுருள்வில்லை இழுக்கச் சொல்வார்கள். இழுக்க இழுக்கக் கையில் மின்சாரம் ஏறும். மறைத்துவைத்த கேமரா அவன் முகத்தைப் படம் பிடிக்கும். பிறகு சில சிப்பாய்களைக் கொடுத்து, ‘இவர்களுக்கு ஒரு வேலை கற்றுக்கொடு’ என்பார்கள். பேச்சு, கையெழுத்து, முகச்சுளிப்பு எல்லாமே குறிப்பேட்டில் ஏறும். கொஞ்சம் ஜோசியம், கொஞ்சம் விஞ்ஞானம் என்பது என் அபிப்பிராயம்.

பெர்லினில் பிரிட்டிஷ் ராணுவத் தூதராக இருந்து இதைக் கவனித்தவர் ஆண்ட்ரூ தோர்ன். 1942இல் எடின்பரோவில் பிரிட்டிஷ் தேர்வு வாரியம் தொடங்கியபோது ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் தலைமையில் அவர்தான் இருந்தார். ஆனால் வாரியத்துக்கு வந்த மனநல மருத்துவர் வில்ஃப்ரெட் பயான் ஒரு மாற்றம் செய்தார். சிப்பாயைக் கொடுத்து அதிகாரம் பண்ணச் சொல்லாதே. தலைவனே இல்லாமல் எட்டுப் பேரை விடு, ஒரு சிக்கலைக் கொடு, தள்ளி நின்று பார். தன்னை முன்னிறுத்துகிறவன் யார், விழப்போகிறவனுக்குக் கை கொடுக்கிறவன் யார் என்பது தானாகத் தெரியும். பலகையும் கயிறும் வந்த வழி இதுதான். பயான் பிறந்தது நம் மதுராவில், 1897இல்.

ஜெர்மன் தரைப்படை தன் உளவியல் பிரிவைக் கலைத்ததும் அதே 1942இல்தான்! அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் முறை டேராடூனுக்கு வந்தது. அதன் வாரிசுதான் எஸ்.எஸ்.பி.

இத்தனையையும் தம்பியிடம் சொன்னேன். இன்றைய ஜெர்மனியைப் பற்றிக் கேட்டான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமைத்த புதிய படையின் முதல் 101 பேருக்கு நியமன ஆணை கொடுக்க அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் 1955 நவம்பர் 12, ஷார்ன்ஹோர்ஸ்ட்டின் 200ஆவது பிறந்தநாள் என்றேன். இப்போது அதிகாரியாகச் சேருகிறவர்கள் பொதுவாக 13 ஆண்டுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். டிரெஸ்டன் அதிகாரிகள் பள்ளியில் பயிற்சி. அப்புறம் ஹாம்பர்க்கிலோ மியூனிக்கிலோ ராணுவமே நடத்தும் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு.

“படிக்கிறப்பவும் சம்பளமா சார்?”

“ஆமாம் தம்பி.”

கிளாஸை வைத்துவிட்டு ஷூ நாடாவை இறுக்கினான். பெங்களூருக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்களாம். இந்தத் தடவை கயிறு கட்டப் பழகியிருக்கிறான், வீட்டுக் கிணற்றடியில்.

(தொடரும்)