பால்மரக் காட்டின் நேரம்: மலாயாத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பம் உருவான விதம்

1921-இல் மலாயாவில் வாழ்ந்த இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 400 பெண்களே இருந்தனர். 1947-இல் அந்த எண்ணிக்கை 600-ஐத் தாண்டிவிட்டது. முதலில் ஆண்கள் போனார்கள், இடம் பழகியதும் மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள் என்று இதற்கு எளிதாக விளக்கம் சொல்லிவிடலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பழக்கம்தான் காரணம் என்றால் எல்லாத் தமிழரும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். அதே மலாயாவில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தாரின் முகவர்கள் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் வந்து திரும்பினார்கள். குடும்பம் செட்டிநாட்டிலேயே இருந்தது. தொழில் அப்படி அமைந்திருந்தது. தோட்டத்தில் குடும்பம் வந்து சேர்ந்ததற்கும் அது நடந்துகொண்ட முறைக்கும், பழக்கத்தைவிட ரப்பர்த் தொழிலின் அன்றாட ஒழுங்கே பெரிய காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒப்பந்தக் கூலிமுறைக்கு ஆள் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 1907-இல், முதலாளிகளிடம் வரி தண்டித் தொழிலாளரின் கப்பல் செலவை ஏற்கும் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கிவிட்டது. அதன்பின் ஆள் சேர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் தொழிலாளரின் தலையாளான கங்காணியின் கைக்கு வந்தது. அவர் தம் ஊரிலும் உறவிலும் ஆள் பிடித்தார். தம் ஆட்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு கிடைத்தது. ஆகவே கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை மூவரும் பெரட்டில், அதாவது காலையில் பெயர் கூப்பிடும் அணிவகுப்பில், நிற்கும் வீடு, தனியாள் வீட்டைவிட அவருக்கு லாபமானது. தோட்ட நிர்வாகத்துக்கும் அப்படியே. 1920-களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நிலைக்கூலியாக வைக்கப்பட்டன. பெண்ணுக்குக் குறைத்துக் கொடுத்த அந்தப் பத்துக் காசு நிர்வாகத்துக்கு மிச்சம். ஆணின் கூலியோ ஒரு குடும்பத்தை நடத்தும் அளவுக்கு உயரவேயில்லை. இரண்டு கூலி சேர்ந்தால்தான் ஓர் அடுப்பு எரியும் என்ற கணக்கு இங்கிருந்து வருகிறது.

அந்தக் கணக்கு ஒரு நாளை எப்படி வகுத்தது என்று பார்ப்பது முக்கியம். வெயில் ஏறுவதற்கு முன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். எனவே இருட்டிலேயே பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். அதற்குமுன் பெண் எழுந்து விறகு மூட்டி, சோறாக்கி, தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். பிறகு தன் நிரையில் மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டா என்ற தோள்தடியில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். ஊரில் மாமியாரோ நாத்தனாரோ பார்த்துக்கொண்டிருந்த குழந்தை இங்கே சம்பளம் வாங்கும் ஒரு கிழவியின் பொறுப்பு. தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் ஓர் அறை சுமார் பத்தடிக்குப் பன்னிரண்டடி. கூட்டுக்குடும்பத்துக்கு அதில் இடமேது? மாமியார் இருந்தாலும் அவரும் புல்வெட்டப் போயிருப்பார். ‘மங்கு’, ‘காண்டா’, ரப்பரைக் குறிக்கும் ‘கித்தா’ எல்லாம் மலாய் வழி வந்த சொற்கள். வேலைக்காட்டுச் சொற்கள் மாறின. உறவுமுறைச் சொற்கள் மாறவில்லை. எது நிர்வாகத்தின் பிடியில் இருந்தது, எது வீட்டின் பிடியில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் ஆவணங்களிலும் அரிது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். குடும்பமாக வந்ததும் வசதிகள் கிடைத்ததும் சட்டத்தின் பயன் அல்லவா என்பது ஒன்று. 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் அதன் விதிகளும் துணையின்றிச் செல்லும் ஆண்களின் விகிதத்தைக் கட்டுப்படுத்த முனைந்தது உண்மை. 1923-ஆம் ஆண்டின் மலாயாத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றதும் உண்மை. ஆனால் பல தோட்டங்களில் பாடம் நடத்தியவர் தோட்ட எழுத்தரான கிராணியோ கங்காணியோதான். படிப்பும் தமிழில் தொடக்க வகுப்புகளோடு முடிந்துவிடும். சட்டம் வாசலைத் திறந்தது. வகுப்பறைக்குள் என்ன நடக்கும் என்பதைத் தோட்டமே தீர்மானித்தது. மாரியம்மன் கோயிலும் தீமிதியும் இருக்க, ஊர் வாழ்க்கை அப்படியே தொடர்ந்தது என்பது இரண்டாவது மறுப்பு. வழிபாடு தொடர்ந்ததில் ஐயமில்லை. ஆனால் திருவிழாவுக்குத் தோட்டம் விடுமுறை தர வேண்டும். திருவிழா வரி தண்டும் குழுவில் கங்காணியின் சொல்லுக்குத் தனி எடை உண்டு. ஊரின் விழாவும் தோட்டத்தின் நாட்காட்டிக்குள் வந்து உட்கார்ந்தது.

திருப்பம் 1938-இல் வந்தது. கூலிக் குறைப்பை எதிர்த்து இந்திய அரசு அந்த ஆண்டு ஜூனில் உதவிபெற்ற குடிபெயர்வைத் தடை செய்தது. புதிய ஆள் வராத நிலையில் அடுத்த தலைமுறைப் பால்வெட்டுகாரர் லயத்திலேயே பிறந்து வளர வேண்டியிருந்தது. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்ததால், பெற்றோர் ஓய்வு பெறும்போது பிள்ளைகளில் ஒருவர் பேர் பதிந்தால்தான் அந்த அறை தங்கும். 1957-க்குப் பின் வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டுபோடப்பட்டு விற்கப்பட்டபோது இந்தக் கட்டு எவ்வளவு இறுக்கமானது என்பது வெளிப்பட்டது. வேலையும் கூரையும் ஒரே நாளில் போயின. அதைத் தடுக்கவே 1960-இல் மலாயா இந்தியக் காங்கிரஸ் தலைவர் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடமே பங்குப்பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். எல்லாத் தோட்டங்களையும் வாங்க முடியவில்லை. இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெண்கள் பலர் 1970-களிலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். பெரட்டு மணி அடித்த நேரத்தில் இப்போது தொழிற்சாலைப் பேருந்து வந்து நின்றது. ஆனால் பிள்ளையை விட்டுப்போக ஆயாக் கொட்டகை இல்லை.