மும்மொழி பேசும் கல்

அண்மையில் என் மகளின் வகுப்புச் சிறாருக்குத் துணையாக, வெள்ளவத்தையிலிருந்து கொழும்பு நூதனசாலைக்குச் சென்றிருந்தேன். 1877ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அம்மாளிகையில் ஒரு கல்லின் முன் நின்ற மகள், "இது தமிழா, அப்பா?" என வினவினாள்.

ஆம், காலி மும்மொழிக் கல்வெட்டு அது. 1409ஆம் ஆண்டினைக் குறிக்கும் அக்கல்லைக் கொணர்ந்தவர் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைத் தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. பொன், வெள்ளி, பட்டு என்னும் காணிக்கைகளையும் அது கூறும்.

படிப்பாரற்றுப் போன அக்கல், காலி நகரில் ஒரு மதகுக்கு மூடியாயிற்று. 1911ஆம் ஆண்டிலேதான் மீண்டும் வெளிப்பட்டது.

"என்னால் வாசிக்க முடியவில்லையே" என்றாள் மகள். தேய்ந்த வரிகளுள் தெரிந்த எழுத்தொன்றைத் தேடலானாள். வாசிக்க விழைவார் உள்ளவரை, கல் வெறும் மூடியாகாது.