முதல் அழுகைக்குப் பிறகு

குழந்தை வீறிட்டு அழுதுவிட்டால் கண்டம் தாண்டியது என்று நம்பியே நம் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பிள்ளை பெற்றிருக்கின்றன. பிறப்பின்போது ஆக்சிஜன் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காணக் கற்ற வரலாறு அந்த நம்பிக்கையை ஆதரிக்கவில்லை. கடினப் பிரசவத்தையும் மூச்சுத்திணறலையும் பிள்ளைகளின் கைகால் இறுக்கத்தோடு இணைத்து, லண்டன் மருத்துவர் லிட்டில் 1861இல் பேசியபோது அவருக்குத் தெரிந்தது விளைவுதான். பிரசவச் சிக்கலே கருவில் தொடங்கிய கோளாறின் அறிகுறியாக இருக்கலாமே என்று 1897இல் ஃபிராய்ட் கேட்டார். 1953இல் வெளிவந்த, பிறந்ததும் குழந்தைக்கு இடப்படும் வர்ஜீனியா ஆப்காரின் மதிப்பெண், எந்தக் குழந்தைக்கு உடனே உதவி தேவை என்று காட்டியது. மூளையின் எதிர்காலத்தைச் சொல்ல அது போதாது. முதல் நாட்களின் மாற்றங்களை நிலைகளாகப் பிரித்துக் காட்டியது 1976இல் சார்னட் தம்பதியின் ஆய்வு. லேசான பாதிப்பில் குழந்தை தூங்காமல், கண்களை அகல விழித்து, சிறு ஓசைக்கும் திடுக்கிடும். பார்ப்பவர்களுக்கு அது துறுதுறுப்பாகவே படும். அடுத்த நிலையில் உடல் துவளும், பால் சப்ப வலுவிருக்காது, வலிப்பு வரும். அந்த வலிப்பும் எப்போதும் உதறலாகவே வருவதில்லை. வாய் சப்புக்கொட்டுவதாக, கால் சைக்கிள் மிதிப்பதுபோல் அசைவதாக, பார்வை ஒருபக்கம் நிலைப்பதாக வரலாம். ஆகவே முதல் நிமிடத்தைவிட அடுத்தடுத்த மணிநேரங்களே நமக்கு அதிகம் சொல்கின்றன.

ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே, மலைச்சாலையை நம்பியிருக்கும் கேத்தியில் இதற்குத் தனி எடை உண்டு. குழந்தையைச் சிறப்புப் பிரிவுக்கு அனுப்பும் முடிவு தாமதமானால், அதன்மேல் வளைவுச் சாலையின் நேரமும் சேரும். கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கையில் வலுவான சான்றும் இருக்கிறது. மேலைநாடுகளில், பிறப்பிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் இக்குழந்தைகளின் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை பலன் தந்தது. சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்விலோ, குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதமும் மற்றவர்களில் 31 சதவீதமும் இறந்தனர். ஆனால் இது குளிர்விப்புக்கு எதிரான சான்று, கவனிப்புக்கு எதிரானதல்ல. வலிப்பை அடக்குவது, சர்க்கரை குறையாமல் காப்பது, மூச்சைத் தாங்குவது, பிறகு மாதக்கணக்கில் வளர்ச்சியைப் பார்த்துப் பயிற்சி தொடங்குவது எல்லாமே முதலில் அடையாளம் கண்டால்தான் நடக்கும். நம் நாடுகளில் பாதிப்பு பிரசவத்துக்குச் சற்று முன்பிருந்தே மெல்ல நேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவது, ஃபிராய்டின் கேள்விக்கு மறுபடி உயிர் கொடுக்கிறது. அப்படியானால் பிரசவ வலியின்போதே குழந்தையின் இதயத்துடிப்பைத் தவறாமல் கேட்பதும் இந்தக் கண்டறிதலில் சேரும். வீடு திரும்பிய தாயைப் பார்க்கவரும் கிராம சுகாதார செவிலியர், பிறந்ததும் அழுததா என்று கேட்பதோடு, பால் குடிக்க எழுகிறதா, தூக்கினால் கை தொங்குகிறதா என்றும் கேட்டாக வேண்டும்.